சட்டைப் பையில் அடங்கும் தண்ணீர் புகாத வீடியோ கேமரா: பீடோரில் என்னிடம் கேட்ட கேள்விகள்

போன வருடத் திருவிழாவில் தேர் புறப்படும் நேரம் பார்த்து மழை கொட்டியது. போன் பிடித்திருந்தவர்கள் எல்லாம் கூடாரத்துக்குள் ஓட, நான் மட்டும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேமராவை வைத்துக்கொண்டு தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த வீடியோ தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. டீக்கடையில் கேட்கிறார்கள், சம்பள நாளில் அலுவலகச் சன்னலில் நின்றுகொண்டு கேட்கிறார்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில், செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். வீடியோ எடுப்பது சனி ஞாயிறு வேலை. ஏழெட்டு வருடத்தில் இந்த மாதிரிக் கேமரா மூன்று வாங்கி, ஒன்றைக் கொன்றிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மாதிரிக் கேமராவைப் பற்றிப் பேசுகிறோம்?

உள்ளங்கையில் அடங்குவது, தனி உறை போடாமலே தண்ணீரில் முக்கக்கூடியது, வீடியோவுக்கென்றே செய்தது. கடையில் ‘ஆக்‌ஷன் கேமரா’ என்றால் எடுத்துக் காட்டுவார்கள். கோப்ரோ, டிஜேஐ, இன்ஸ்டா360 என்ற மூன்று பெயர்கள்தான் இப்போது அதிகம் காதில் விழும். ஒரு காலத்தில் இவற்றையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டுத்தான் தண்ணீரில் இறக்க முடியும். கோப்ரோவில் 2016இல் வந்த ஹீரோ5 பிளாக், பெட்டி இல்லாமலே 10 மீட்டர் போகும் என்று வந்தது. இப்போது டிஜேஐயின் ஆக்‌ஷன் 4 மாடல் 18 மீட்டர் என்கிறது, ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டர் என்கிறது.

கையில் நல்ல போன் இருக்கிறது. இது வேறு எதற்கு?

பாதிப் பேருக்குத் தேவையே இல்லை. பிறந்தநாள், பள்ளிப் பரிசளிப்பு, வீட்டுப் பொங்கல், இதற்கெல்லாம் போனே போதும். சொல்லப்போனால் போன்தான் நன்றாக எடுக்கும்.

போனும்தான் தண்ணீர் புகாதது என்பீர்கள். சரிதான். ஐபோன் 12 முதல் 6 மீட்டரில் 30 நிமிடம் தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள், சாம்சுங்கின் எஸ் வரிசைக்கு 1.5 மீட்டர். அதெல்லாம் நல்ல தண்ணீரில், புதுப் போனில் செய்த சோதனை. கடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள் என்று அந்த நிறுவனங்களே சொல்கின்றன. இரண்டு வருடம் பாக்கெட்டில் வெந்து, நாலு தடவை தரையில் விழுந்த போனுக்குள் பசை எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், தண்ணீருக்கு அடியில் தொடுதிரை வேலை செய்யாது. தண்ணீரையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். இந்தக் கேமராவில் அழுத்துவதற்கு நிஜமான பொத்தான் இருக்கிறது.

ஆனால் நான் இதை வாங்கிய காரணம் வேறு. போனுக்குள் வங்கி இருக்கிறது, இ-வாலட் இருக்கிறது, பத்து வருடப் படங்கள் இருக்கின்றன. அதை மழையிலும் சகதியிலும் நீட்டக் கை வராது. கேமரா போனால் கேமரா மட்டும்தான் போகும். லாத்தா கிஞ்சாங் அருவியில் பாறைக்குப் பாறை தாவும் அக்காள் மகனிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் கரையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கலாம். போனைக் கொடுத்திருந்தால் சோறு இறங்கியிருக்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எடுத்ததை உடனே யாருக்கும் அனுப்ப முடியாது; முதலில் போனுக்கு மாற்ற வேண்டும், அதற்குத் தனிச் செயலி, அதில் பதிவு செய்ய வேண்டும், பாஸ்வேர்டை மறக்க வேண்டும். ஆறு மாதம் அலமாரியில் கிடந்தால் பேட்டரி இறங்கிப் போயிருக்கும், தேதியும் மாறியிருக்கும். திருவிழா அன்று காலையில்தான் அது ஞாபகத்துக்கு வரும்.

ஐபி67, ஐபி68, 10 மீட்டர். இதெல்லாம் என்ன கணக்கு?

ஐபிக்குப் பிறகு வரும் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசியில் 6தான் உச்சம். தண்ணீரில் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது. 8 என்றால் அதற்கும் மேல். எவ்வளவு மேல் என்பதைத் தயாரிப்பவரே சொல்வார். அதனால் ஐபி68 என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பக்கத்தில் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 7, 8 என்பது முக்கி வைத்த சோதனை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்ற வேறு சோதனை. குளத்தில் கிடந்து தாங்கிய பொருள், கார் கழுவும் குழாயின் அடியைத் தாங்கும் என்று அந்த எண் சொல்லவில்லை. கேமராவில் ஒட்டிய சகதியைப் போக்க அந்தக் குழாயை நீட்டியவர் ஒருவர் எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) இருக்கிறார். நல்லவேளை, பக்கத்தில் நின்று கத்தினேன். அருவி நேராகக் கொட்டும் இடத்திலும் இதே கவனம் வேண்டும்.

ஆழம் ஏன் முக்கியம்? 10 மீட்டர் இறங்கினால் காற்றழுத்தம் போல் இன்னொரு மடங்கு மேலே ஏறுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. கேமராவின் திரை 5 சென்டிமீட்டருக்கு 3 என்று வைத்தால், அதன்மேல் 15 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றரையைத் தூக்கி அந்தச் சின்னக் கண்ணாடியில் வைத்த மாதிரி. பாறையிலிருந்து கேமராவோடு குதித்தால் தண்ணீரில் அடிபடும் நொடியிலும் அழுத்தம் திடீரென்று ஏறும். நாம் யாரும் 10 மீட்டர் முங்கப் போவதில்லை. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரிலேயே கேமரா சாகும், அடுத்த பதிலைப் படியுங்கள்.

‘வாட்டர்புரூப்’ என்றுதான் விற்றார்கள். அப்படியும் உள்ளே தண்ணீர் போய்விட்டதே?

மூடியைப் பாருங்கள். கேமரா முழுக்க ஒட்டி அடைத்த பெட்டி; அதில் திறந்து மூடுகிற இடம் ஒன்றோ இரண்டோதான். பேட்டரி, கார்டு, சார்ஜர் துளை எல்லாம் அங்கேதான். அந்த மூடியின் உள்விளிம்பில் ஓடும் மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்றுதான் தண்ணீருக்கும் உங்கள் காசுக்கும் நடுவில் நிற்கிறது. தண்ணீர் புகாதது என்ற பெயர் கேமராவுக்கு இருக்கலாம். வேலையைச் செய்வது அந்த வாஷர்.

என் இரண்டாவது கேமரா எப்படிச் செத்தது என்று சொல்கிறேன். பங்குனி உத்திரத்தன்று காலையில் ஆற்றங்கரையில் காவடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூசாரி நெற்றியில் விபூதி பூசிவிட்டார், வழிந்ததை நான் விரலால் துடைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்தது. அதே கையோடு மூடியைத் திறந்து, பேட்டரியை மாற்றி, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடினேன். சத்தம் வந்தது. மூடியில் இருக்கும் சிவப்புக் குறியும் மறைந்துவிட்டது. பால்குடம் எடுத்தவர்கள் ஆற்றில் முழுகி எழுந்ததை முழங்கால் தண்ணீரில் நின்று, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பிடித்து எடுத்தேன். நாலு நிமிடத்தில் திரை நீலமாகி அணைந்தது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வாஷரின் ஒரு மூலையில் விபூதி அப்பியிருந்தது, அதோடு ஒரு தலைமுடி. அவ்வளவுதான். கேமராவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முருகன் மேலும் இல்லை.

அன்றிலிருந்து நான் செய்வது: வெளியில் மூடியைத் திறப்பதில்லை. வீட்டிலேயே பேட்டரி நிறைத்து, கார்டைக் காலியாக்கி, ஈரமில்லாத துணியால் வாஷரையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து மூடுகிறேன். தண்ணீர்ப் பக்கம் போகுமுன் குளியலறை வாளியில் ஐந்து நிமிடம் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன். குமிழி வந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை, தரைதான். வாஷர் காய்ந்து விறைத்தோ வெட்டுப்பட்டோ தெரிந்தால் மூடியை மட்டும் புதிதாக வாங்கலாம், நல்ல பெயருள்ள கேமராக்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது.

வாரண்டியை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். பேச்சு கடைசியில் ‘மூடியைச் சரியாக மூடினீர்களா’ என்ற இடத்தில் வந்து நிற்கும், அதற்கு நம்மிடம் சாட்சி கிடையாது.

உள்ளே தண்ணீர் போனால் உடனே என்ன செய்வது? அரிசிக்குள் போடலாமா?

அரிசியைச் சோறாக்குங்கள். அது ஈரத்தை இழுப்பதைவிடத் தவிட்டுத் தூசியை உள்ளே தள்ளுவதுதான் அதிகம். உடனே அணையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள். ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று மறுபடி போடாதீர்கள், சார்ஜரில் சொருகவே சொருகாதீர்கள். மூடியைத் திறந்தபடி காற்றாடிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் விடுங்கள். கேமரா பிழைக்காவிட்டாலும் கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். எனக்கு அந்தப் பங்குனி உத்திர வீடியோ முழுசாகக் கிடைத்தது, கடைசி நாலு நிமிடம் உட்பட.

பால், மஞ்சள் தண்ணீர், சந்தனம், நல்லெண்ணெய் பட்டால்?

இதை எந்தக் கையேட்டிலும் போட மாட்டார்கள், நம் ஊரில்தான் கேட்பார்கள். படலாம், ஆனால் காய விடக்கூடாது. பால் காய்ந்தால் பொத்தான் இடுக்கிலும் மைக் துளையிலும் பிசுபிசுத்து உட்காரும், மறுநாள் நாற்றமும் எடுக்கும். மஞ்சள் ரப்பரில் கறை விடும். பார்க்க அசிங்கம், வேலைக்குக் கெடுதல் இல்லை. சந்தனமும் விபூதியும் பொடி, மூடியின் எதிரிகள், மேலே சொன்னதுதான். எண்ணெய் லென்ஸில் பட்டால் படம் முழுக்கப் பனி மூட்டம் போல வரும், துணியால் தேய்த்தால் இன்னும் பரவும். ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு மெல்லிய துணி.

மூடியை மூடியபடியே ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போட்டு எடுப்பது எல்லாவற்றுக்கும் நல்லது. பங்கோர் தீவில் கடலில் இறக்கினால் அது கட்டாயம். உப்பு காய்ந்தால் கல்லாகி வாஷரை அறுக்கும்.

ஈயக்குட்டையில் போட்டு எடுக்கலாமா?

முதலில், ஈயக்குட்டையில், அதாவது பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் தேங்கிய குளத்தில், நீங்களே இறங்காதீர்கள். கரையிலிருந்து இரண்டடியிலேயே ஆழம் விழும் இடம் அது. எத்தனை பிள்ளைகளை இழந்திருக்கிறோம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேமராவைப் பொறுத்தவரை, இது மிதக்காது. கல் மாதிரி மூழ்கும். கலங்கிய தண்ணீரில் விழுந்தால் தேடுவது வீண். கடைகளில் மிதக்கும் கைப்பிடி விற்கிறார்கள், மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில், சில பத்து வெள்ளிதான் (ரிங்கிட்). கேமரா வாங்கும் அன்றே அதையும் வாங்குங்கள். அதில்லாமல் ஆற்றுக்கு எடுத்துப் போகிறவர் கேமராவை ஆற்றுக்கே கொடுத்துவிட்டு வரலாம்.

தண்ணீருக்கு அடியில் எடுத்தால் எல்லாம் பச்சையாக இருக்கிறதே?

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தைத்தான். நாலைந்து மீட்டர் இறங்கினாலே சிவப்புச் சட்டை சாம்பல் நிறமாகத் தெரியும். ஆற்றில் அதோடு மண்ணும் இலைச்சாறும் சேர்ந்துகொள்கிறது. நடுப்பகலில், வெயில் நேராக விழும்போது, ஓரடி இரண்டடி ஆழத்தில் எடுத்தால் நிறம் ஓரளவு நிற்கும். தண்ணீருக்குள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகவும் கிட்டவும் தெரியும், அது ஒளி வளைவதால். மீனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக் கையை நீட்டினால் கை போதாது.

சுங்காய் வெந்நீர் ஊற்றுக்குக் கொண்டுபோகலாமா?

அங்கே சுங்கை கிளா ஊற்றில் முட்டை வேகிற சூடு இருக்கிறது. கேமரா முட்டை இல்லை. குளிக்கிற தொட்டி ஓரமாக நின்று எடுங்கள், முக்காதீர்கள். ‘தண்ணீர் புகாது’ என்ற சோதனை சாதாரணத் தண்ணீரில் செய்தது. சூட்டில் ரப்பர் இளகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். பிறகு சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அது சுருங்கி, இடுக்கு வழியே தண்ணீரை இழுக்கும்.

லென்ஸுக்கு உள்பக்கம் ஆவி படிகிறது. தண்ணீர் புகுந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊர் ஈரக் காற்றில் மூடியைத் திறந்து மூடினீர்கள், அந்தக் காற்று உள்ளே அடைந்துவிட்டது. பிறகு ஏர்கோன் காரில் குளிர்ந்ததும் அதிலிருக்கும் ஈரம் கண்ணாடியில் படிகிறது. மருந்துப் போத்தலில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். ஒரு ரொட்டி டப்பாவில் பொட்டலங்களோடு கேமராவை மூடி திறந்தபடி ஒரு இரவு வைத்தால் போய்விடும்.

தீமிதியை இரவில் எடுத்தேன். படம் புள்ளி புள்ளியாக, ஆட்டமாக இருக்கிறது. கேமரா கெட்டதா?

கெடவில்லை. இதுதான் இந்த வகைக் கேமராவின் பெரிய பலவீனம், விற்கிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். உடம்பு சின்னது, உள்ளே வெளிச்சத்தை வாங்கும் சில்லும் சின்னது. பகலில் தெரியாது. இரவில் கேமரா தானாகவே உணர்திறனைக் கூட்டும், அதுதான் புள்ளி. கூடவே, கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி வெளிச்சம் குறைந்தால் தடுமாறும். ஒவ்வொரு படத்தையும் எடுக்க அதிக நேரம் ஆவதால் படமே இழுபட்டிருக்கும், அதைப் பிடித்து நிறுத்தினாலும் இழுவை நிற்காது. விளக்குகள் துடிப்பதுபோல் தெரியும்.

இரவில் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கேமராவை ஒரு கம்பத்தில் கட்டுங்கள். 4கே (மிக நுணுக்கமான படத் தரம்) வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நொடிக்கு 50, 100 படம் வேண்டாம், 25 போதும். பூக்குழிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கங்கு கேமராவுக்குப் பிரகாசம், நடக்கிறவர் முகம் இருட்டு. எதிரே நின்றால் கங்குதான் வரும், முகம் வராது. எப்படி எடுத்தாலும் தீமிதிக்கு ஒரு நல்ல போனே இதைவிட மேல். நானே இப்போது தீமிதிக்குப் போனைத்தான் எடுக்கிறேன்.

கோயில் மண்டபத்தில் எடுத்தால் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவே?

அது வேறு சங்கதி, சுலபமானது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்இடி, குழல் விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன, கண்ணுக்குத் தெரியாது. கேமரா அமெரிக்கக் கணக்கில் 60 ஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் கோடு ஓடும். அமைப்பில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்று இருக்கும். அதை 50க்கு மாற்றி, நொடிக்கு 25 அல்லது 50 படம் என்று வையுங்கள். புதுக் கேமரா வாங்கியதும் நான் செய்யும் முதல் வேலை இது. தேதியைத் திருத்துவதுகூட இரண்டாவதுதான்.

உருமி மேளம் எடுத்தால் சத்தம் கரகரவென்று உடைகிறது. தண்ணீர் புகாத மைக் என்பதாலா?

இரண்டு காரணம். உருமியைப் பத்தடியில் வாசித்தால் எந்தச் சின்ன மைக்கும் திணறும், அது மைக்கின் குற்றமில்லை, நம் ஆட்களின் கை பலம். இன்னொன்று, மைக் துளைக்கு உள்ளே தண்ணீர் போகாமல் காற்று மட்டும் போகும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அது ஈரமாக இருந்தால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கும். மழையிலிருந்து வந்ததும் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறுங்கள், மைக் துளையை ஊதாதீர்கள்.

உருமிக்குக் குழுவின் பக்கவாட்டில் இருபது அடி தள்ளி நில்லுங்கள். மைக் மேல் ஒரு துண்டு பஞ்சை வைத்து டேப் ஒட்டினால் அடி கொஞ்சம் அடங்கும். முக்கியமான நிகழ்ச்சி என்றால் நான் ஒரு பழைய போனைத் தள்ளி ஒரு நாற்காலியில் வைத்துச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்து, பிறகு வீட்டில் சேர்க்கிறேன்.

கார்டு எவ்வளவு வாங்குவது? பேட்டரி எத்தனை நேரம்?

கணக்குப் போடுவோம். நல்ல தரத்தில் 4கே எடுத்தால் பல கேமராக்கள் நொடிக்கு 100 மெகாபிட் வரை எழுதுகின்றன. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒரு மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு 85 நிமிடத்தில் நிறைந்துவிடும். 128 வாங்குங்கள், வித்தியாசம் சில வெள்ளிதான். கார்டில் வி30 என்று போட்டிருக்க வேண்டும். நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக்கு 512 ஜிபி என்று விற்பதை வாங்காதீர்கள். கணினியில் 512 என்று காட்டும், உள்ளே எழுதப் போனால் 16இலேயே பழைய வீடியோவின் மேல் புதியதை எழுதத் தொடங்கிவிடும்.

பேட்டரி ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வந்தால் இலாபம். நடுப்பகல் வெயிலில் 4கேயில் தொடர்ந்து ஓட்டினால் பேட்டரி தீருமுன் சூட்டிலேயே நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், ஊதிவிடும். ஊதிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளவும் கூடாது.

கணினியில் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, படம் வரவில்லை.

எச்.265 என்ற முறையில் சுருக்கிய கோப்பு, பழைய மடிக்கணினிக்குப் படிக்கத் தெரியவில்லை. விஎல்சி பிளேயரைப் போட்டுப் பாருங்கள். அல்லது கேமரா அமைப்பில் எச்.264க்கு மாற்றி எடுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், எங்கும் ஓடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது, 2 ஜிபி வரை போகும்.

மாமா வீட்டுப் பெட்டியில் பழைய கோடக் பிளேஸ்போர்ட் கிடந்தது. ஓடுமா?

அட, அதுவா! அதைப் பார்த்தாலே எனக்குப் பாசம். இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. 2010இல் வந்தது, 1080பி எடுக்கும், 3 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று விற்றார்கள். சட்டைப் பையில் வைக்கும் வீடியோ கேமரா என்றாலே அப்போது ஃபிளிப்தான். சிஸ்கோ நிறுவனம் 2009இல் அதை வாங்கி 2011 ஏப்ரலில் மூடியே விட்டது. கோடக்கும் 2012 ஜனவரியில் திவால் மனுப் போட்டு, அடுத்த மாதமே கேமரா செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. போன்கள் அந்தச் சந்தையைத் தின்றுவிட்டன. கைபேசி போக முடியாத இடத்துக்குப் போகிறவை மட்டும்தான் பிழைத்தன, அதாவது தலைக்கவசத்திலும் தண்ணீருக்குள்ளும்.

ஓடுமா என்றால், பேட்டரி ஊதாமல் இருந்தால் ஓடும். கார்டு 32 ஜிபிக்கு மேல் போடாதீர்கள், அது படிக்காது. ஆனால் தண்ணீரில் இறக்காதீர்கள். இத்தனை வருடத்தில் வாஷர் காய்ந்து காக்காய்ப் பொன்னாக உதிரும். பிள்ளைகள் விளையாடக் கொடுங்கள், தரையில்.

150 வெள்ளிக்கு ‘4கே, 30 மீட்டர்’ என்று இணையத்தில் இருக்கிறதே?

அந்த 30 மீட்டர் கூட வரும் பிளாஸ்டிக் பெட்டிக்கு. பெட்டிக்குள் போட்டால் சத்தம் சரியாகப் பதியாது. அந்த 4கேயும் பெரும்பாலும் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் என்றால் வாங்குங்கள். திருவிழாவை நம்பி ஒப்படைக்கிற பொருள் அது இல்லை. அதே காசுக்கு மேல் கொஞ்சம் சேர்த்து, நல்ல பெயருள்ள கேமராவின் இரண்டு வருடப் பழைய மாடலைப் பாருங்கள். வாங்கும்போது மூடியைத் திறந்து உள்ளே பச்சை படிந்த உலோகம் இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம்.

கல்யாணத்துக்கு இதையே வைத்து ஒப்பேற்றலாமா?

வேண்டாம். நிஜமான சூம் இல்லை. லென்ஸ் மிக அகலம், நடுவில் நிற்கும் பெண் அழகாக இருப்பாள், ஓரத்தில் நிற்கும் அத்தை இரண்டு மடங்கு அகலமாக இருப்பார். அத்தை அதை மறக்க மாட்டார்.

செம்பனைக் குலை வெட்டும் வேலையை எடுக்க?

அருமையாக எடுக்கும். தலைக்கவசத்தில் மாட்டி, நீளக் கம்பில் அரிவாள் எப்படி ஏறுகிறது, குலை விழும்போது ஆள் எந்தப் பக்கம் விலகுகிறார் என்று புதிதாக வந்தவர்களுக்குக் காட்ட எடுத்தோம். மழை, சகதி, எண்ணெய்ப் பிசுக்கு எதற்கும் கவலையில்லை. தோட்டத்து நிர்வாகியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஆலைக்குள் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் ஆற்றில் குளிப்பதை எடுத்துக் குழுவில் போடலாமா?

எடுங்கள், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் பிள்ளையும் அதில் இருந்தால் குழுவில் போடாதீர்கள். இந்தக் கேமராவின் அகன்ற லென்ஸில் நீங்கள் கவனிக்காத பிள்ளைகளும் விழுந்திருப்பார்கள்.

இணையத்தில் வாங்கியது முதல் நாளே பழுது. விற்றவர் பதில் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு தடவை நடந்தது. பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள், ரசீதையும் உரையாடலையும் படம் பிடித்து வையுங்கள். பேச்சில் தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள், வக்கீல் தேவையில்லை. நான் மனுப் போடப் போகிறேன் என்று எழுதிய மறுநாளே எனக்குப் பணம் திரும்பி வந்தது.

சரி அண்ணே, எங்கள் கோயில் திருவிழாவுக்கு உங்கள் கேமராவை இரவல் தருவீர்களா?

தருவேன். முதல் நாள் மாலை வீட்டுக்கு வாருங்கள். பேட்டரியும் கார்டும் நான் போட்டு, மூடியை நானே மூடி, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டித் தருவேன். திரும்பி வரும்போது அந்த டேப் அப்படியே இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான், மிச்சத்தைப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.